அடங்கலில் காலியாகக் கிடந்த கட்டம்

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாக லேசாகத் திருத்தித் தந்திருக்கிறோம்.)

ரொம்ப நாளா பேசணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் ஒண்ணை இன்னைக்குப் பேசப்போறேன். தள்ளிப்போட்டதுக்குக் காரணம், இது எங்க வீட்டு விஷயம். அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் பேசறேன். "பேசு, ஆனா என்னை வில்லனாக்கிடாதே"ன்னார். முயற்சி பண்றேன்.

2023 பிப்ரவரி முதல் வாரம். டெல்டாவுல இருக்கறவங்களுக்கு அந்த வாரம் மறந்திருக்காது. சம்பா, தாளடி எல்லாம் அறுப்புக்கு நிக்குது, அப்போ பருவம் தவறி மழை பிடிச்சுக்கிச்சு. கதிர் சாய்ஞ்சு தண்ணியில கிடந்தது, சில வயல்ல கதிர்லயே நெல் முளைச்சுடுச்சு. மூணுல ஒரு பங்குக்கு மேல சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம்னு அரசு அறிவிச்சது. கணக்கெடுப்பு நடந்தது. கொஞ்ச நாள் கழிச்சு அப்பா போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. உங்கள் கணக்கில் 24,000 ரூபாய் வரவு.

எங்க அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். தஞ்சாவூர்ல இருக்கார். அந்த வயல்ல அவர் இறங்கி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. விதை வாங்கினது, நாத்து விட்டது, ஆள் வெச்சு நட்டது, உரம் போட்டது, ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு மடை பார்த்தது எல்லாம் இன்னொருத்தர். அவர் பெயரை நான் சொல்லப்போறதில்லை, பெரியவர்னே வெச்சுக்குவோம். நகையை அடகு வெச்சு மாவுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் செலவு பண்ணியிருந்தார். பயிர் போனது அவருக்கு. பணம் வந்தது அப்பாவுக்கு.

அந்த 24,000 ரூபாய் யாருடையதுங்கற கேள்வியில ஆரம்பிச்சு, நான் எங்கெங்கேயோ போய் நின்னேன். அதைத்தான் சொல்லப்போறேன்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். எங்க ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல. மேட்டூர்ல திறக்கற தண்ணி கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய்னு பிரியும். அதுல வெண்ணாறு நீடாமங்கலத்துக்குப் பக்கத்துல மூணாறு தலைப்புல மறுபடியும் பிரியும். அங்கே கிளம்பற பாமணியாறுதான் எங்களுக்குப் பாசனம். ஆத்துலேருந்து வாய்க்கால், வாய்க்கால்லேருந்து கன்னி வாய்க்கால், அதுலேருந்து வயல். மேட்டூர் ஜூன் 12ல திறந்தா குறுவை உண்டு. திறக்கலைன்னா போர் வெச்சிருக்கறவங்களுக்குத்தான் குறுவை. எங்க வயல்ல போர் கிடையாது, அதனால ஒரே போகம் சம்பா. அறுப்புக்குக் கொஞ்சம் முன்னாடி ஈரத்துலயே உளுந்து தெளிச்சு விடுவாங்க.

எங்க நிலம் 9 மா. டெல்டாவுக்கு வெளியில இருக்கறவங்களுக்காகச் சொல்றேன்: பன்னெண்டு அடிக்குப் பன்னெண்டு அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மாங்கிறது 33 சென்ட், மூணு மா சேர்ந்தா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஊர்ல யாரும் ஹெக்டேர்ல பேசமாட்டாங்க. பட்டாவுல மா இருக்காது. எங்க 9 மா அங்கே 1.20 ஹெக்டேர். 20,000 ரூபாயை 1.20ஆல் பெருக்குங்க, 24,000 வரும். கம்ப்யூட்டர் கணக்குல ஒரு பைசா தப்பில்லை.

நான் டேட்டாபேஸ்ல வேலை பார்க்கறவன். ஒரு தகவல் தப்பான இடத்துக்குப் போனா, முதல்ல அந்த டேபிள் எதுக்காகப் போடப்பட்டதுன்னுதான் பார்ப்பேன். அதனால பட்டாவோட கதையைக் கொஞ்சம் தோண்டினேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் ஊர்கள்ல நிலம் எப்பவுமே "இது என் வயல், அது உன் வயல்"னு இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டுல ரொம்ப தூரம் வரைக்கும் பல ஊர்கள்ல சொத்துங்கறது பங்கு. மிராசு, காணியாட்சின்னு சொல்வாங்க. ஊர் நிலத்துல உனக்கு இத்தனை பங்குன்னு இருக்கும். எந்த வயல்ங்கறது நிரந்தரம் இல்லை. சில வருஷத்துக்கு ஒரு தடவை கரையீடு போட்டு மாத்திக்குவாங்க. தலைமடை வயலும் கடைமடை வயலும், மேடும் பள்ளமும் எல்லாருக்கும் சுத்தி வரணும்னு ஒரு ஏற்பாடு.

நல்ல ஏற்பாடா இருக்கேன்னு உடனே புல்லரிச்சுட வேண்டாம். அந்தச் சமத்துவம் பங்குக்காரங்களுக்குள்ள மட்டும்தான். சேத்துல இறங்கினவங்களுக்கு அதுல பங்கே கிடையாது. அவங்க பண்ணையாள். குடியிருந்த குடிசையும் மிராசுதார் நிலத்துலதான் நிக்கும்.

அப்புறம் வெள்ளைக்காரன் ரயத்துவாரி கொண்டுவந்தான். ஊரை அளந்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சர்வே எண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர். அந்தப் பெயர்க்காரர் சர்க்காருக்கு நேரா வரி கட்டணும். பட்டா வேரூன்றினது இந்த வேலைக்காகத்தான். இந்தத் துண்டுக்கு வரி கேட்க யார் வீட்டுக் கதவைத் தட்டணும்ங்கறதுதான் அந்த டேபிள் கேட்ட கேள்வி. உழுதது யார்ங்கறது அதுக்கு முக்கியமில்லை. இன்னைக்கும் கோர்ட்டுல, பட்டா மட்டுமே உரிமைக்கு முடிவான ஆதாரம் ஆயிடாதுன்னு சொல்வாங்க. அது வருவாய்த் துறையோட பதிவு.

இப்ப நடந்திருக்கற வேடிக்கை என்னன்னா, பணம் திரும்பி ஓடுது. அன்னைக்கு ஊர்லேருந்து சர்க்காருக்குக் காசு போறதுக்காகக் குழாய் போட்டாங்க. இன்னைக்கு அதே குழாய் வழியா சர்க்கார்லேருந்து ஊருக்குக் காசு வருது. வெள்ள நிவாரணம், பயிர்க்கடன், மானியம், நெல் கொள்முதல் பணம் எல்லாம். குழாய் யார் வீட்டு வாசல்ல முடியுதோ அங்கேதான் தண்ணி கொட்டும். எங்க 9 மாவுக்குக் குழாய் முடியறது தஞ்சாவூர்ல, மூணாவது மாடியில.

பெரியவர் பக்கத்துலேருந்து பாருங்க. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல நெல்லைப் போடணும்னா சிட்டா, அடங்கல் வேணும், வங்கிக் கணக்கு வேணும். அதனால இத்தனை வருஷமா எங்க வீட்டுல நடந்தது இதுதான்: நெல் அவருடையது, அவரே டிராக்டர்ல ஏத்திக்கிட்டுப் போய், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு திருப்பிவிட்டா ரோட்டுல கொட்டிக் காயவெச்சு, நாள் கணக்குல காத்துக்கிடந்து போடுவார். பணம் அப்பா கணக்குக்கு வரும். அப்பா குத்தகை போக மிச்சத்தை அனுப்புவார். அப்பா நேர்மையானவர், அன்னன்னைக்கே அனுப்பிடுவார். ஆனா தன் நெல்லை வித்த காசுக்கு அந்த மனுஷன் இன்னொருத்தர் போனைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கணும்.

கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடனா, நிலம் யார் பெயர்ல இருக்குன்னு கேட்பாங்க. பிரதமர் கிசான் திட்டத்துல வருஷத்துக்கு 6,000 ரூபாய்? 2019ல வந்தது. அது நிலம் பெயர்ல இருக்கற விவசாயிக்கு. மாசம் 10,000 ரூபாய்க்கு மேல ஓய்வூதியம் வாங்கறவங்களுக்குக் கிடையாது. அப்பாவுக்கு ஓய்வூதியம் இருக்கு, நிலம் இருக்கு, விவசாயம் இல்லை. பெரியவருக்கு விவசாயம் இருக்கு, நிலம் இல்லை. அதனால அந்த 9 மாவுக்கு இன்னைய வரைக்கும் ஒரு தவணைகூட யாருக்கும் வரலை. கணக்குல பார்த்தா அந்த வயல்ல விவசாயியே கிடையாது. ஆனா வருஷா வருஷம் நெல் மட்டும் விளையுது.

நான் ஊருக்குப் போனேன், மார்ச்ல. அறுத்த வரைக்கும் அறுத்துட்டு உளுந்து நின்னுக்கிட்டு இருந்தது. பெரியவர் வரப்புல உட்கார்ந்து காமிச்சார். அப்பத்தான் எனக்கு இன்னொரு விஷயம் தெரிஞ்சது. எங்க வயலுக்குப் பாதை கிடையாது. முன்னாடி ரெண்டு பேரோட வயல். அறுப்பு மிஷின் அந்த ரெண்டு வயலைத் தாண்டித்தான் உள்ளே வரணும். எங்க பயிர் ஜனவரி கடைசியிலேயே முத்திடுச்சு. முன் வயல்காரர் பத்து நாள் பின்னாடி நட்டவர். அவர் வயல் அறுக்காம மிஷின் உள்ளே வர முடியாது.

"அவர்கிட்ட கேட்டிருக்கலாமேய்யா, ஒரு ஓரமா விட்டிருப்பாரே"ன்னேன்.

"பச்சைப் பயிர் மேல மிஷினை ஓட்டுடான்னு எப்படிச் சொல்றது தம்பி? நாளைக்கு அவனுக்கும் எனக்கும் ஒரே வாய்க்கால்"னார்.

இதை நான் நிறைய நாள் யோசிச்சேன். நெல் ஊர்ல சொத்துங்கறது நாலு வரப்புக்கு நடுவுல முடியறதில்லை. எந்த நாள் நட்டா மிஷின் வழி கிடைக்கும், முறை வெச்சுத் தண்ணி விடறப்ப எந்த ராத்திரி உன் மடை திறக்கும், யார் வயல் வழியா உன் தண்ணி வடியும், களத்துல எந்த மூலை உனக்கு... இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த 9 மா. இதுல ஒண்ணுகூட புல வரைபடத்துல இருக்காது. அதுல பக்க அளவு இருக்கும், மூலைக்கல் இருக்கும். மிச்சம் எல்லாம் பெரியவர் தலையில இருக்கு. ஐம்பது வருஷத்துல பக்கத்து வயல்காரங்களோட அவர் சேர்த்து வெச்ச உறவுல இருக்கு. அப்பாவோ நானோ போய் நின்னா ஒரு மடையைக்கூடத் திறக்க முடியாது.

அன்னைக்கு அவர் வீட்டுல சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிச்சதும் பெரியவர் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கிட்டு வந்தார். பிளாஸ்டிக் உறை போட்டு வெச்சிருந்தார். மனைப் பட்டா, அந்த வீடு நிக்கற இடத்துக்கு. அவங்க அப்பா பெயர்ல வந்தது.

அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. தஞ்சாவூர் ஜில்லாவுல பண்ணையாளை நினைச்ச நேரத்துக்கு வெளியேத்த முடியாதபடி 1952ல ஒரு சட்டம் வந்தது, பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் செங்கொடிச் சங்கங்கள் நடத்தின போராட்டம் நிறைய. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில கூலித் தகராறுல 44 பேரை குடிசையோட வெச்சு எரிச்சாங்க. அவங்க எல்லாரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவங்க, பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அந்தக் காலத்துல கூலி கூடக் கேட்டா முதல்ல வர்ற மிரட்டல், "என் இடத்துலேருந்து குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போ"ங்கறதுதான். 1971ல குடியிருப்புச் சட்டம் வந்தது. மிராசுதார் நிலத்துல குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் அந்த மனையே சொந்தம்னு ஆக்கின சட்டம்.

"இது வந்தப்புறம்தான் தம்பி எங்கப்பா நிமிர்ந்து பேசினாரு"ன்னார் பெரியவர். "அதுவரைக்கும் எதுன்னாலும் 'சரிங்க'தான்."

அந்த மனை மொத்தம் நாலு சென்ட். 9 மாவுல எழுபதுல ஒரு பங்குகூட இல்லை. ஆனா அந்த நாலு சென்ட்தான் ஒரு மனுஷனை நிமிர்த்தியிருக்கு. காகிதம்னா என்னன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது. அதுவரைக்கும் நான் பதிவேட்டை வெறும் தகவல்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

சரி, வீட்டுக்குக் காகிதம் வந்த மாதிரி வயல் குத்தகைக்கு ஏன் வரலை? சட்டம் இல்லாம இல்லை. 1955லயே சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. குத்தகையை ஒழுங்கா அளந்துக்கிட்டு, நிலத்தைப் பாழாக்காம இருக்கற வரைக்கும் குத்தகைதாரரை வெளியேத்த முடியாது. வாய்மொழிக் குத்தகைக்கும் அது பொருந்தும். 1956ல நியாயக் குத்தகைச் சட்டம். நஞ்சைக்கு முதல்ல விளைச்சல்ல 40 சதவீதம்னு இருந்தது, பின்னாடி 25 சதவீதமா குறைச்சாங்க. 1969ல குத்தகை உரிமைப் பதிவேட்டுக்குன்னு தனிச் சட்டம். அந்தப் பதிவேட்டுல பெயர் இருந்தா நீ குத்தகைதாரர்னு தனியா நிரூபிக்க வேண்டியதில்லை.

அடங்கல்னு ஒண்ணு இருக்கு. கிராமக் கணக்கு எண் 2. எந்த சர்வே எண்ல, எந்த பசலியில, யார் என்ன பயிர் வெச்சாங்கன்னு எழுதற கணக்கு. அதுல பட்டாதாரர் தவிர பயிரிடறவருக்கும் இடம் உண்டு.

நான் இங்கேதான் திருந்தினேன். இவ்வளவு நேரம் "டேபிள் தப்பா வடிவமைச்சிருக்கு, பட்டாவுல அந்தக் கட்டமே இல்லை, இது சிஸ்டத்தோட பக்"னு சொல்லிக்கிட்டே வந்தேன் இல்லையா? கட்டம் இருக்கு. அதை நிரப்பாம விட்டது நாங்க. எங்க தாத்தா 1974ல பெரியவரோட அப்பாகிட்ட நிலத்தைக் கொடுத்தார். வாய்ப் பேச்சு. அன்னையிலேருந்து ஒவ்வொரு வருஷமும் அடங்கல்ல 'பயிரிடுபவர்' எங்க தாத்தா, அப்புறம் எங்க அப்பா. வருஷத்துக்கு ஒரு பொய். கையெழுத்து எங்க வீட்டுது.

தஞ்சாவூருக்கு வந்து அப்பாகிட்ட பேசினேன். பேசினேன்னு மரியாதையாச் சொல்றேன், சண்டைதான்.

"நீ பெங்களூர்ல உட்கார்ந்துக்கிட்டு பேசுவே. சட்டம் சொல்ற 25 சதவீதத்தைவிட நான் கம்மியாத்தான் வாங்கறேன் தெரியுமா? மாவுக்கு ரெண்டு மூட்டை. நல்ல வருஷம்னா மாவுக்கு ஒன்பது, பத்து மூட்டை விளையுது. இந்த வருஷம் மழைன்னதும் பாதி போதும்னுட்டேன். உளுந்துல ஒரு படிகூட கேட்டதில்லை."

அது உண்மை. அப்பா சொன்னது அத்தனையும் உண்மை.

"அப்ப பதியறதுல என்னப்பா பயம்?"

அப்பா அவரோட நண்பர் ஒருத்தர் கதையைச் சொன்னார். குத்தகையைப் பதிஞ்சவர். பொண்ணு கல்யாணத்துக்கு நிலத்தை விக்கப்போனப்ப, குத்தகைதாரர் இருக்கற நிலத்தை யாரும் நியாயமான விலைக்குக் கேட்கலை. வருவாய் நீதிமன்றம், அப்பீல்னு வருஷக்கணக்கா அலைஞ்சு, கடைசியில பாதி விலைக்குக் கொடுத்தாராம். "எனக்கு இருக்கறது இந்த 9 மாதான். உன் அம்மாவுக்கு நாளைக்கு ஒரு ஆபரேஷன்னா நான் எதை விப்பேன்?"

எனக்குப் பதில் இல்லை. வேலிக்கணக்குல வெச்சிருந்த மிராசுதார்கிட்டேயிருந்து உழவனைக் காப்பாத்த வந்த சட்டம் அது. இன்னைக்கு நிலம் 9 மா, 5 மான்னு சிதறிப்போய், பட்டாதாரர் வாத்தியாராவும் பேங்க் கிளர்க்காவும் ஊரை விட்டுப் போயிட்டார். இவருக்கும் அதே சட்டம்தான். இவர் பயந்துக்கிட்டுக் குத்தகையை மறைக்கறார். மறைக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பும் இல்லை, கடனும் இல்லை, நிவாரணமும் இல்லை. சட்டம் வாய்மொழிக் குத்தகையையும் ஏத்துக்குது, ஆனா அதை நிரூபிக்கறது அவர் வேலை. ஐம்பது வருஷ அடங்கல் அவருக்கு எதிரா சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியைத் தயார் பண்ணது எங்க குடும்பம்.

அப்பா 24,000 ரூபாயையும் கொடுத்துடலாம்னார். அதுல அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. எஸ்எம்எஸ் வந்த அன்னைக்கே அதைத்தான் நினைச்சாராம். நான்தான் எடுத்துக்கிட்டுப் போனேன். பெரியவர் வாங்கிக்கிட்டார். எண்ணிப் பார்க்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னார்:

"வாத்தியாரய்யா நல்ல மனுஷன், குடுத்துட்டாரு. பக்கத்துல ரெண்டு பேருக்கு வரலை தம்பி. நிலத்துக்காரர் மெட்ராஸ்ல இருக்காரு. பணம் வந்துச்சா வரலையான்னே இவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் எந்த முகத்தோட போய்க் கேட்கறது? அடுத்த வருஷம் நிலம் வேண்டாமா?"

நான் பெருமையா வண்டி ஏறிப்போனவன். திரும்பி வர்றப்ப அந்தப் பெருமை இல்லை. ஏன்னா அவர் எங்களைப் பாராட்டினதும் உண்மை, எங்க வீட்டு நிலைமையும் அதேதான்ங்கறதும் உண்மை. அப்பா நல்லவரா இருக்கறது அவரோட அதிர்ஷ்டம். அப்பாவுக்கு அப்புறம் நான். நான் எப்படின்னு அவருக்கு எப்படித் தெரியும்? நாலு சென்ட் மனைக்கு அவர் யார் நல்ல மனசையும் நம்பி இல்லை. 9 மாவுக்கு எங்க வீட்டு நல்ல மனசை நம்பித்தான் இருக்கார்.

கடைசியா என்ன ஆச்சு? பெரிசா ஒண்ணும் ஆகலை, அதையும் சொல்லிடறேன். குத்தகை உரிமைப் பதிவேட்டுல பதிய அப்பா இன்னைய வரைக்கும் ஒத்துக்கலை. ஆனா ஒரு விஷயத்துக்கு வந்தார். பயிர்க் காப்பீடு குத்தகைக்குப் பயிர் வைக்கறவங்களும் செய்யலாம். கிராம நிர்வாக அலுவலர் தர்ற அடங்கல் வேணும். சம்பாவுக்கு விவசாயி கட்டறது காப்பீட்டுத் தொகையில ஒன்றரை சதவீதம், மிச்சத்தை அரசு கட்டுது. அந்த வருஷம் நவம்பர்ல கடைசித் தேதி நெருங்கறப்ப அப்பாவே ஊருக்கு வந்தார். "இந்த நிலத்தில் இந்த பசலியில் சம்பா பயிரிட்டிருப்பவர் இவர்தான்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெரியவர் பெயர்ல அடங்கல் வாங்கி, பெரியவர் வங்கிக் கணக்கைக் கொடுத்துக் காப்பீடு பண்ணோம்.

அடங்கலைக் கையில வாங்கினதும் பெரியவர் படிக்கச் சொன்னார். சர்வே எண், பரப்பு, பயிர் நெல், அப்புறம் அவர் பெயர். "அப்பா பெயரும் போட்டிருக்கா?"ன்னார். போட்டிருக்குன்னேன். அவங்க அப்பா பெயர் அந்த நிலத்தோட ஒரு அரசுக் காகிதத்துல வர்றது அதுதான் முதல் தடவை. அவர் அந்த நிலத்தை 1974லிருந்து சாகற வரைக்கும் உழுதவர். மகனோட பெயருக்கு முன்னாடி, தகப்பனார் பெயர்ங்கற இடத்துல வந்திருக்கார்.

பெரியவர் அந்தக் காகிதத்துக்கும் பிளாஸ்டிக் உறை வாங்கணும்னார். ஒரு பசலிக்குத்தான் செல்லும்னு நான் சொன்னேன். "இருக்கட்டும்"னார்.

இதுக்கு முழுத் தீர்வு என்னன்னு எனக்கு ஒரு எண்ணம் இருக்கு. யார் நிலம்ங்கற கேள்வியையும், இந்தப் போகம் யார் பயிர் வெச்சாங்கங்கற கேள்வியையும் பிரிக்கணும். ரெண்டாவது கேள்விக்குப் பதில் எழுதினா முதல் கேள்விக்கு ஆபத்து வந்துடும்னு நிலத்துக்காரர் பயப்படாத மாதிரி சட்டம் இருக்கணும். அதே நேரம் ஐம்பது வருஷம் உழுதவரை ஒரு நாள்ல போகச் சொல்லவும் கூடாது. ரெண்டையும் ஒரே சட்டத்துல எப்படி எழுதறதுங்கறது சட்டம் படிச்சவங்க வேலை. நிவாரணமும் காப்பீடும் கொள்முதல் பணமும் ரெண்டாவது பதிலைப் பார்த்துப் போகட்டும்ங்கறது மட்டும் என் வேலைக்கு எட்டின விஷயம்.

ஆனா அது வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இதைக் கேட்கறவங்கள்ல நிறைய பேர் என்னை மாதிரிதான் இருப்பீங்க. சென்னையில, பெங்களூர்ல, வெளிநாட்டுல வேலை. ஊர்ல அப்பா பெயர்ல, தாத்தா பெயர்ல கொஞ்சம் நிலம். அதுல யாரோ பயிர் வைக்கறாங்க. இந்த வாரம் வீட்டுக்கு போன் பண்றப்ப ரெண்டு கேள்வி கேளுங்க. நம்ம வயல்ல யார் உழறாங்க? அடங்கல்ல யார் பெயர் இருக்கு? ரெண்டுக்கும் ஒரே பதில் வந்தா சந்தோஷம். வரலைன்னா, சம்பாவுக்குக் காப்பீடு பண்ற கடைசித் தேதி பொதுவா நவம்பர் நடுவுல வரும். அதுக்குள்ள ஒரு கையெழுத்துப் போட முடியுமான்னு பாருங்க. நிலம் உங்ககிட்டேயிருந்து எங்கேயும் போயிடாது. போன வருஷமும் நாங்க மாவுக்கு ரெண்டு மூட்டை வாங்கினோம்.